பறக்காத விமானமும் திரும்பாத பணமும்



தமிழ்நாட்டுக்கு வெளியே உத்தியோகம் பார்க்கும் நம்மவருக்கு ஊருக்குப் போவது என்பது ஆண்டுக்கு ஒருமுறையோ இருமுறையோ வாய்க்கும் காரியம். ரயிலில் இரண்டு இரவுகளைக் கழிக்க விடுமுறை இடம் கொடாதபோது விமானத்தை நாடுகிறோம். அதற்காகச் சம்பளத்தில் ஒரு பெரும் பகுதியைப் பல வாரங்களுக்கு முன்னதாகவே எடுத்துக் கொடுத்துவிடுகிறோம். அந்தப் பிரயாணம் அரசாங்கத் தடையினால் நின்றுபோனால், மனம் முதலில் ஊரை எண்ணித்தான் வருந்துகிறது. பணத்தைப் பற்றிய எண்ணம் பிறகே வருகிறது. அந்தப் பிந்திய எண்ணத்தைப் பற்றித்தான் இன்று சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறோம்.

2020-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் மதுரையில் நம் தந்தையாருக்குச் சதாபிஷேகம் நடப்பதாக இருந்தது. பிப்ரவரியிலேயே டில்லியிலிருந்து நான்கு டிக்கெட்டுகளை 26,000 ரூபாய் கொடுத்து, நம் பேட்டையிலுள்ள பிரயாண ஏஜெண்டு மூலமாக வாங்கி வைத்தோம். மார்ச் 25-ஆம் தேதி முதல் உள்நாட்டு விமானங்கள் யாவும் நிறுத்தப்பட்டன. மீண்டும் அவை பறக்கத் தொடங்கியது மே 25-ஆம் தேதியன்று. இடைப்பட்ட இரண்டு மாதங்களுக்குள் சதாபிஷேகம் நான்கே பேர் முன்னிலையில் நடந்து முடிந்துவிட்டது. நாம் அதைக் கைத்தொலைபேசியின் சிறு திரையில் கண்டோம்.

பணம் என்ன ஆயிற்று? விமானக் கம்பெனி அதைத் திருப்பித் தரவில்லை. ‘கிரெடிட் ஷெல்’ என்ற பெயரில் தன் கணக்கிலேயே வைத்துக்கொண்டு, பின்னொரு நாள் பிரயாணம் செய்யலாம் என்று அறிவித்தது. ஆங்கிலச் சொற்களுக்குத் தமிழ் தேடுவதே நம் தொழில். ஷெல் என்றால் ஓடு. ஓடு நம் கையில் இருந்தது, உள்ளிருந்த பருப்பு கம்பெனியிடம் இருந்தது என்றுதான் இந்தச் சொல்லுக்கு நாம் பொருள் கொள்ள வேண்டியிருந்தது.

அவ்வாண்டு ஏப்ரல் 16-ஆம் தேதி மத்திய விமானப் போக்குவரத்து அமைச்சகம் ஓர் அறிவுரை வெளியிட்டது. ஊரடங்கு தொடங்கிய பின்னர், ஊரடங்குக் காலப் பிரயாணத்துக்காக டிக்கெட் வாங்கியவர்களுக்கு முழுக் கட்டணத்தையும் மூன்று வாரத்துக்குள் திருப்பித் தரவேண்டும் என்பது அதன் சாரம். ஆனால் நம்மைப்போல் ஊரடங்குக்கு முன்பே வாங்கியவர்களைப் பற்றி அதில் பேச்சில்லை. நம்மில் பெரும்பாலோர் அந்த வகையினரே. பிரவாசி லீகல் செல் முதலிய அமைப்புகள் இதனை உச்ச நீதிமன்றத்துக்குக் கொண்டு சென்றன. அக்டோபர் 1-ஆம் தேதி தீர்ப்பு வந்தது.

மே 24 வரையிலான பிரயாணத்துக்கு ஊரடங்குக்கு முன் வாங்கிய டிக்கெட்டின் கட்டணத்தைப் பதினைந்து நாளுக்குள் திருப்பித் தரவேண்டும். பண நெருக்கடியால் அது இயலாத கம்பெனி கிரெடிட் ஷெல் அளிக்கலாம். ஆனால் அதன் மதிப்பை 2020 ஜூன் 30 வரை மாதத்துக்கு அரை சதவீதமும், பிறகு முக்கால் சதவீதமும் கூட்டவேண்டும். எந்தத் தடத்திலும் அதைப் பயன்படுத்தலாம், பிறருக்கு மாற்றியும் கொடுக்கலாம். 2021 மார்ச் 31-க்குள் பயன்படுத்தாவிடில் பணமாகவே கொடுத்துவிடவேண்டும். இவையே தீர்ப்பின் முக்கிய அம்சங்கள். நம் 26,000 ரூபாய்க்கு முதலில் மாதம் 130 ரூபாய், பிறகு 195 ரூபாய். தொகை சிறிதுதான். ஆயினும், அது நம் பணம், கம்பெனியின் தயவன்று என்பதை அந்தச் சிறு தொகை நிலைநாட்டிவிட்டது.

தீர்ப்பு வந்ததும் பணம் வந்துவிட்டதா என்றால், இல்லை. கம்பெனியைக் கேட்டால் ஏஜெண்டிடம் கொடுத்தாயிற்று என்றார்கள். ஏஜெண்டைக் கேட்டால் “இன்னும் வரவில்லை, சார்” என்றார். இரண்டு மாதம் இப்படிக் கழிந்தது. பிறகு டிக்கெட்டின் பி.என்.ஆர். எண், பணம் செலுத்திய தேதி, கேட்கும் தொகை ஆகியவற்றைக் குறித்து இருவருக்கும் ஒரே கடிதமாக மின்னஞ்சல் அனுப்பினோம். விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் ஏர்சேவா தளத்திலும் முறையிட்டோம். பத்தொன்பதாம் நாள் பணம் வந்தது. நேரில் பேசிய பேச்சுக்கெல்லாம் கிடைக்காத பதில், எழுதிக் கேட்ட ஒரு கடிதத்துக்குக் கிடைத்தது.

இனி, வேறு வகையான ஒரு சங்கடத்தையும் சொல்லவேண்டும். விமானம் பறக்கும், நாம்தான் ஏற முடியாது. நமக்குப் பழக்கமான தமிழர் மெஸ் ஒன்றில் சமையல் செய்பவர், தாயாருக்கு உடல்நலமில்லை என்று கேட்டு, அவ்வாண்டு ஜூன் மாதத்தில் கடன் வாங்கிக் கோயம்புத்தூருக்கு டிக்கெட் எடுத்தார். புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்பு அவர் குடியிருந்த தெருவைக் கட்டுப்பாட்டுப் பகுதியாக அறிவித்து மூங்கில் தட்டி வைத்து அடைத்துவிட்டார்கள். அத்தகைய பகுதியில் வசிப்பவர் விமானம் ஏறக்கூடாது என்பது அன்றைய விதி. அவர் எவருக்கும் தகவல் சொல்லவில்லை. விமானம் போயிற்று, பணமும் போயிற்று என்று எண்ணி வாளாவிருந்துவிட்டார்.

மே 24-க்குப் பிந்திய பிரயாணங்களுக்கு விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் வழக்கமான விதிகளே பொருந்தும் என்று நீதிமன்றம் சொல்லியிருந்தது. விமானம் பறந்து நாம் போகாவிட்டால் முழுக் கட்டணமும் திரும்ப வராது என்பது உண்மைதான். ஆனால் அந்த விதிகளின்படி, டிக்கெட்டைப் பயன்படுத்தாதபோதும், சலுகைக் கட்டண டிக்கெட்டாக இருந்தாலும், அதில் சேர்ந்துள்ள அரசு வரிகளையும் விமான நிலையக் கட்டணங்களையும் திருப்பித் தந்தாக வேண்டும். ரத்துக் கட்டணம் என்ற பெயரில் அடிப்படைக் கட்டணத்துக்கும் எரிபொருள் கட்டணத்துக்கும் மேற்பட்டு ஒரு காசும் பிடிக்கக்கூடாது. அந்த நண்பர் புறப்படும் வேளைக்கு முன்பாகத் தெரிவித்து ரத்துச் செய்திருந்தாலோ, வேறு தேதிக்கு மாற்றக் கேட்டிருந்தாலோ, கடனில் ஒரு பகுதியேனும் அடைந்திருக்கும்.

தொற்றுக் காலம் கடந்துவிட்டதே, இப்போது இது எதற்கு என்று சிலர் கேட்கலாம். 2025-ஆம் ஆண்டு மே மாதத்தில் எல்லைப்புறச் சண்டையின்போது ஸ்ரீநகர், ஜம்மு, அமிர்தசரஸ், சண்டிகர், ஜோத்பூர் உட்பட வடக்கிலும் மேற்கிலும் 32 விமான நிலையங்கள் சில நாட்கள் மூடப்பட்டன. அந்த ஊர்களிலும் தமிழர்கள் வாழ்கிறார்கள். தடை எப்போது, எந்த உருவில் வரும் என்று முன்கூட்டி அறிவார் இல்லை.

ஆதலால் சிலவற்றை மனத்தில் கொள்வது நலம். தடை அறிவிக்கப்பட்டதும் பதறி நாமே டிக்கெட்டை ரத்துச் செய்யலாகாது. கம்பெனி விமானத்தை ரத்துச் செய்தால் மாற்று விமானத்தையோ கட்டணத்தையோ கேட்கும் உரிமை நமக்குண்டு. நாம் முந்திக்கொண்டால் ரத்துக் கட்டணம் நம் தலையில் விழக்கூடும். விமானம் பறக்கும், நம்மால் போக இயலாது என்பது நிச்சயமாகிவிட்டால் மட்டும், அது புறப்படுமுன் தெரிவித்துவிட வேண்டும். நஷ்டஈடு வேறு, கட்டணம் வேறு. அரசாங்கத் தடையைக் காரணம் காட்டி நஷ்டஈட்டை மறுக்கலாமே தவிர, பறக்காத விமானத்தின் கட்டணத்தை வைத்துக்கொள்ள அது காரணமாகாது. பணமா, கிரெடிட் ஷெல்லா என்று தீர்மானிப்பது பிரயாணியின் விருப்பம் என்று விதியே சொல்கிறது. ஏஜெண்டு மூலம் வாங்கிய டிக்கெட்டுக்கும் பணத்தைத் திருப்பித் தரும் பொறுப்பு விமானக் கம்பெனியுடையதே.

இவ்வளவுக்கும் மசியாவிட்டால், தேசிய நுகர்வோர் உதவி மையத்தை 1915 என்ற எண்ணில் அழைக்கலாம்; தமிழிலும் பேசலாம். அதற்கு அப்பால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 2020 ஜூலை 20 அன்று நடைமுறைக்கு வந்த புதிய நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நம்மைப் போன்றவர்க்குப் பெரும் அனுகூலம் செய்திருக்கிறது. கம்பெனியின் தலைமை அலுவலகம் எங்கே இருப்பினும், நாம் வசிக்கும் அல்லது வேலை பார்க்கும் ஊரிலேயே வழக்குத் தொடுக்கலாம். புனேயில் இருப்பவர் புனேயில், போபாலில் இருப்பவர் போபாலில். கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்கு மேற்படாவிட்டால் கட்டணமே இல்லை. இரண்டு ஆண்டுகளுக்குள் தொடுக்கவேண்டும் என்பதை மட்டும் மறக்கலாகாது.

சதாபிஷேகத்தை எந்தச் சட்டமும் நமக்குத் திருப்பித் தராது. ஆனால் திரும்பி வந்த அந்தப் பணத்தில்தான் 2021-ஆம் ஆண்டின் இறுதியில் நால்வரும் மதுரைக்குப் போய் வந்தோம். தந்தையார் வாசலில் நின்று வரவேற்றார். உழைத்த பணத்தை உரிமையோடு கேட்டுப் பெறுவது பேராசையன்று. ஊருக்குப் போகும் வழியை மறுபடியும் திறந்து வைத்துக்கொள்வதாகும்.