மருந்துக்குள் பிறக்கும் மாசு

(திருப்பதியில் நடைபெற்ற கட்சி வகுப்பில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



இம்ப்யூரிட்டி என்னும் ஆங்கிலச் சொல்லைக் ‘கலப்படம்’ என்றே பலரும் தமிழாக்குகின்றனர். மொழிபெயர்ப்பாளன் என்ற முறையில் எனக்கு இதில் உடன்பாடில்லை. கலப்படம் வெளியிலிருந்து வந்து சேர்வது. காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான கோல்ட்ரிஃப் இருமல் மருந்தில் 48.6 விழுக்காடு டைஎத்திலீன் கிளைக்கால் இருந்ததை 2025 அக்டோபரில் தமிழ்நாட்டு அரசு ஆய்வகம் கண்டறிந்தது; அனுமதிக்கப்பட்ட அளவோ 0.1 விழுக்காடு. சிந்த்வாராவில் குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து மாண்டனர். சிதைவு அத்தகையதன்று, அது மருந்தின் உள்ளேயே பிறக்கிறது. ‘மாசு’ என்ற சொல்லே இரண்டையும் தாங்கும்.

வயிற்றெரிச்சலுக்கு நாமெல்லாம் விழுங்கிய ரானிடிடினை எடுத்துக்கொள்வோம். அம்மூலக்கூறின் பகுதிகளே பிரிந்து, புற்றுநோய் விளைவிக்கக்கூடியதெனக் கருதப்படும் என்.டி.எம்.ஏ. என்னும் பொருளைத் தோற்றுவிக்கின்றன. நாட்பட நாட்பட, வெப்பம் கூடக் கூட, அதன் அளவும் கூடுகிறது. எனவேதான் 2020 ஏப்ரலில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் அதனைச் சந்தையிலிருந்து விலக்கிக்கொள்ளக் கோரியது. இங்கோ 2022இல் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலிருந்து அதை நீக்கினர்; விற்பனையைத் தடுக்கவில்லை.

இம்மாசினை எவ்வாறு காண்கிறார்கள்? மருந்தை வேண்டுமென்றே சிதைக்கிறார்கள். அமிலத்திலும் காரத்திலும் இடுகிறார்கள். ஹைட்ரஜன் பெராக்சைடு சேர்க்கிறார்கள். வெப்பத்திலும் ஒளியிலும் வைக்கிறார்கள். பின்னர் எச்.பி.எல்.சி. கருவியில் செலுத்தினால், மூல மருந்தும் சிதைவுப் பொருள்களும் வெவ்வேறு நேரங்களில் வெளிவந்து தனித்தனி முகடுகளாகப் பதிகின்றன. இனந்தெரியாத முகட்டை மூலக்கூறின் நிறையைக் கொண்டு அடையாளம் காண்கிறார்கள். இவ்வாறு பிரித்துக் காட்டாத சோதனை முறை, கெட்டதையும் நல்ல மருந்தாகவே கணக்கிட்டுவிடும். இந்த வித்தை அந்நியமானதன்று; சித்தூர், திருப்பதிப் பார்மசி கல்லூரிகளில் பயிலும் நம் பிள்ளைகள் ஆய்வேட்டுக்காகச் செய்வதே.

மற்றொரு சோதனையும் உண்டு. 40 டிகிரி வெப்பம், 75 விழுக்காடு ஈரப்பதம் கொண்ட அறையில் ஆறு மாதம் மருந்தை வைத்துப் பார்ப்பது. இதற்கு ‘விரைவுபடுத்திய’ சோதனை என்று பெயர். அந்த 40 டிகிரியை ஆய்வகம் கருவியால் உண்டாக்குகிறது. திருப்பதிக்கு மே மாதமே போதும்! ‘30 டிகிரிக்கு மிகாமல் வைக்கவும்’ என்று அட்டையில் அச்சிட்ட மருந்து, தகரக் கூரையின் கீழ்க் கிடந்தால் காலாவதித் தேதிக்கு என்ன பொருள்?

தண்டனைச் சட்டத்தையோ தளர்த்திவிட்டனர். 2023ஆம் ஆண்டின் ஜன் விஸ்வாஸ் சட்டம், மருந்து மற்றும் அழகுசாதனச் சட்டத்தின் 27(டி) பிரிவிலான குற்றங்களைப் பணம் கட்டிச் சமரசம் செய்துகொள்ள வழி திறந்தது. தரங்குறைந்த மருந்து பற்றிய வழக்குகள் வருவது பெரிதும் இப்பிரிவின் கீழேதான். முதலாளிக்கு அது இன்னொரு செலவுக் கணக்கு.

1994இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், தொகுதிதோறும் மாதிரி எடுத்துச் சோதித்த பின்னரே மருந்தை மருத்துவமனைகளுக்கு அனுப்பும் முறையை நிலைநாட்டியது. நல்ல முறைதான். ஆயினும் கிடங்கைவிட்டு வெளியேறிய பின், துணை மையம் வரை வெப்பத்தை அளப்பவர் யார்? இங்கே நாம் கேட்கவேண்டிய கேள்வி இதுவே.

ஆரம்ப சுகாதார நிலையத்து மருந்து அறையில் வெப்பமானி உண்டா, அன்றாடப் பதிவேடு உண்டா, சென்ற ஆண்டு எத்தனை மாதிரிகள் சோதனைக்குச் சென்றன, முடிவு என்ன என்று ஒவ்வொரு கிளையும் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் மனு அளிக்கலாம். மனுவைத் தமிழில் எழுதிக் கொடுங்கள், தோழர்களே. தெலுங்கில் ஆக்கித்தர நான் ஆயத்தமாயிருக்கிறேன்.