கண்டம் ஆன வண்டி யார் தலையில் விடிகிறது?

(சந்திரகிரிக் கிளையின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் பழைய கார். கூலி உயர்வு, ரேஷன் அட்டை, பிள்ளைகளுக்குத் தமிழ்ப் பள்ளி என்று பேசுகிற சங்கத்துக்கும் காருக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் கேட்டார்கள். சம்பந்தம் இருக்கிறது. நம்மில் யாரும் ஆடம்பரத்துக்குக் கார் வாங்குவதில்லை. வேலூர்ப் பக்கமிருந்தும் திருவண்ணாமலைப் பக்கமிருந்தும் செங்கல் சூளைக்கும் கட்டட வேலைக்கும் ஓட்டல் வேலைக்கும் வந்த குடும்பங்கள் நாம். பையன் தலையெடுக்கிறான், டிரைவிங் பழகுகிறான், பிறத்தியார் வண்டியை நாலு வருஷம் ஓட்டுகிறான். சொந்தமாக ஒரு வண்டி இருந்தால் திருப்பதி ஸ்டேஷனில் இறங்கும் யாத்ரிகர்களை மலைக்கும் காளஹஸ்திக்கும் காணிப்பாக்கத்துக்கும் ஏற்றிச் சென்று பிழைத்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறான். புது வண்டிக்கு வழியில்லை. அம்மாவின் நகை அடகுக் கடைக்குப் போகிறது, சீட்டுப் பணம் எடுக்கப்படுகிறது, பழைய வண்டி வீட்டு வாசலுக்கு வருகிறது. ஒரு குடும்பத்தின் பதினைந்து வருஷ உழைப்பு அந்த நாலு சக்கரத்தின் மேல்தான் நிற்கிறது.

நம் சங்கத்துக்கு வந்த ஒரு குடும்பத்தின் கதை இது. பேர் வேண்டாம். "அண்ணே, சிங்கிள் ஓனர். டாக்டர் வைத்திருந்த வண்டி. ஆர்.சி. கிளியர்" என்று புரோக்கர் சொன்னார். தமிழ்நாட்டுப் பதிவெண். பெயிண்ட் பளபளத்தது, விலையும் மார்க்கெட்டை விட ஐம்பதாயிரம் குறைவு. வாங்கினார்கள். நாலாவது மாதம் வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே மீட்டர் விளக்குகள் எல்லாம் ஒன்றாக எரிந்து அணைந்தன. லோக்கல் மெக்கானிக்குகள் ஒயரை மாற்றினார்கள், பேட்டரியை மாற்றினார்கள். சரியாகவில்லை. கடைசியில் கம்பெனி ஒர்க்‌ஷாப்பில் சேஸிஸ் நம்பரைப் போட்டுப் பார்த்தபோதுதான் விஷயம் வெளிவந்தது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் மூழ்கிய வண்டி. இன்ஷூரன்ஸ் கம்பெனி 'டோட்டல் லாஸ்', அதாவது முழு நட்டம் என்று பணம் கொடுத்துக் கணக்கை முடித்த வண்டி. புரோக்கரிடம் போனால், "எழுதிக் கொடுத்ததில் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்களே" என்றார். அந்தக் காகிதம் தெலுங்கில் இருந்தது. உள்ளது உள்ளபடியே வாங்கிக்கொண்டேன், பின்னால் எந்தக் கேள்வியும் இல்லை என்பது அதன் சாரம். அதைப் படிக்கத் தெரிந்தவர் அந்த வீட்டில் ஒருவரும் இல்லை. நகை ஏலத்துக்குப் போயிற்று. பையன் மறுபடியும் பிறத்தியார் வண்டி ஓட்டுகிறான்.

இது ஒரு புரோக்கரின் கெட்ட புத்தி மட்டுமா? இல்லை. இதற்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது.

வண்டிக்கு இன்ஷூரன்ஸ் எடுக்கும்போது அதன் மதிப்பைப் பாலிசியில் எழுதுகிறார்கள். வயது ஏற ஏற மதிப்பைக் குறைப்பார்கள். இரண்டு வருஷம் முடிந்து மூன்றாவது வருஷம் நடக்கிற வண்டிக்கு 30 சதவீதம் கழிவு. எட்டு லட்சம் ரூபாய் வண்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். மதிப்பு 5,60,000 ஆகிறது. பழுது பார்க்கும் செலவு இந்த மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டினால், அதாவது 4,20,000 ரூபாய்க்கு மேல் போனால், அது முழு நட்டம். கம்பெனி பாலிசிக்காரருக்குப் பணத்தைக் கொடுக்கிறது. சிதைந்த வண்டியோ ஏலத்துக்குப் போகிறது. ஏலத்தில் எடுப்பவர்களில் சிலர் காயலான் கடைக்காரர்கள். உதிரி பாகங்களாகப் பிரித்து விற்பார்கள். அதில் தப்பில்லை. சென்னையில் புதுப்பேட்டை முழுக்க அந்தத் தொழில்தான். ஆனால் வேறு சிலர் வண்டியைப் பிரிப்பதில்லை. கம்பெனி ஒர்க்‌ஷாப் நாலரை லட்சம் கேட்ட வேலையை ஒரு லட்சத்தில் முடிக்கிறார்கள். வளைந்த சட்டத்தை இழுத்து நிமிர்த்தி, வெல்டிங் வைத்து, பட்டி போட்டுப் பெயிண்ட் அடிக்கிறார்கள். வெடித்துப்போன ஏர்பேக் இருந்த இடத்தை வெறும் மூடியால் மூடுகிறார்கள். பிறகு வண்டி ஜில்லா தாண்டி, மாநிலம் தாண்டி விற்பனைக்கு வருகிறது.

2015 டிசம்பர் 1-ஆம் தேதி தாம்பரத்தில் மட்டும் 24 மணி நேரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பெய்தது. அடையாறு கரை உடைத்து ஓடியது. அடுக்குமாடிகளின் தரைத்தளத்தில் நின்ற கார்கள் நாள்கணக்கில் தண்ணீருக்குள் கிடந்தன. அப்படி மூழ்கிய வண்டிகள்தான் கூட்டம் கூட்டமாக ஏலத்துக்கு வந்தன. நமக்கும் சென்னைக்கும் மூன்று, நான்கு மணி நேரப் பயணம்தான். அந்த வெள்ளத்தோடு முடிந்ததா? 2021 நவம்பரில் நம் சுவர்ணமுகி பெருக்கெடுத்துத் திருப்பதித் தெருக்களில் வண்டிகள் மிதந்ததை நாமே பார்த்தோம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் சென்னை மறுபடி மூழ்கியது. 2024 செப்டம்பரில் புடமேரு உடைத்து விஜயவாடா மூழ்கியது. நமக்குக் கிழக்கிலும் வடக்கிலும் வெள்ளம் வரும்போதெல்லாம் மலிவான கார்கள் சந்தைக்கு வரும் என்பதை நாம் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

ரயில்வேயில் வேலை செய்கிற எங்களுக்கு ஒரு நடைமுறை தெரியும். வேகனில் பழுது கண்டால் அதன் மேல் 'சிக்' என்று சீட்டு ஒட்டுவார்கள். அது வண்டித்தொடரிலிருந்து கழற்றப்பட்டுச் சிக் லைனுக்குப் போகும். சரிசெய்து பரிசோதித்த பிறகே திரும்பும். இனி உதவாது என்று முடிவானால் அதைக் 'கண்டம்' செய்வார்கள். வேகன் மேலேயே எழுதுவார்கள், கணக்கிலிருந்து அதன் எண்ணை நீக்குவார்கள். எந்தக் குமாஸ்தாவும் எந்தக் கார்டும் அதைப் பார்த்ததும் தெரிந்துகொள்ளலாம். சரக்கு ஏற்றுகிற வேகனுக்கு இவ்வளவு ஜாக்கிரதை இருக்கிறது. மனிதர்களை ஏற்றுகிற காருக்கு ஏன் இல்லை என்று நாம் கேட்கிறோம்.

சட்டம் இல்லாமல் இல்லை. 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 55-வது பிரிவு, வண்டி அழிந்துபோனாலோ நிரந்தரமாக உபயோகமற்றுப் போனாலோ உரிமையாளர் 14 நாட்களுக்குள் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது. ஆனால் இன்ஷூரன்ஸ் கம்பெனி சொல்கிற முழு நட்டம் வேறு. 'பழுது பார்க்கலாம், ஆனால் கட்டுப்படியாகாது' என்பதே அதன் பொருள். கம்பெனியின் கணக்கில் செத்த வண்டி, ஆர்.டி.ஓ. ஆபீஸ் கணக்கில் உயிரோடு இருக்கிறது. இந்த இரண்டு கணக்குக்கும் நடுவிலுள்ள சந்துதான் புரோக்கரின் ராஜபாட்டை. ஆர்.சி.யில் உரிமையாளர் பெயர் இருக்கிறது, நிறம் இருக்கிறது, எத்தனை சீட் என்பதுகூட இருக்கிறது. முழு நட்டம் ஆனதா என்று சொல்ல ஒரு வரி இல்லை. மாநிலம் மாற்றும்போது வாங்குகிற என்.ஓ.சி.யும் வரி பாக்கி இல்லை, திருட்டு வண்டி இல்லை என்பதைத்தான் பார்க்கிறது. மூழ்கின வண்டியா என்று பார்ப்பதில்லை.

தகவல் எங்கேயும் இல்லையா? இருக்கிறது. இன்ஷூரன்ஸ் கம்பெனிகளின் விவரங்களைத் திரட்டுவதற்கென்றே 2009-இல் ஒரு தகவல் மையம் ஏற்படுத்தப்பட்டு, ஐதராபாத்தில் இயங்கிவருகிறது. பணம் கொடுத்த கம்பெனிக்கு வண்டியின் சரித்திரம் தெரியும். பணம் போடுகிற ஏழைக்கு மட்டும் அது ஆர்.சி.யில் தெரிவதில்லை.

வெளிநாட்டில் என்ன செய்கிறார்கள்? பிரிட்டனில் இப்படிப்பட்ட வண்டிகளை 2017 அக்டோபரிலிருந்து ஏ, பி, எஸ், என் என்று நாலு வகையாகப் பிரிக்கிறார்கள். முதல் இரண்டு வகை மறுபடி சாலைக்கே வரக்கூடாது. மற்ற இரண்டும் பழுது பார்த்து வரலாம், ஆனால் அந்த முத்திரை வண்டியை விட்டுப் போகாது. அமெரிக்காவில் இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் முழு நட்ட வண்டிகளின் பட்டியலை 2009-லிருந்து ஒரு தேசியப் பதிவேட்டுக்கு மாதந்தோறும் கொடுக்க வேண்டும். வாங்குகிறவர் சிறு கட்டணம் கட்டிப் பார்க்கலாம். அங்கேயும் ஏமாற்று உண்டு. ஆனால் கேட்பதற்கு ஒரு கதவு இருக்கிறது.

இதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. கண்டம் ஆன வண்டியின் ஆர்.சி.யையும் நம்பரையும் விலைக்கு வாங்கி, அதே மாடலில் ஒரு வண்டியைத் திருடி, அதற்கு இந்த நம்பரைக் கொத்தி விற்கிற கும்பல்கள் இருக்கின்றன. 2020-இல் லக்னோ போலீசார் இப்படி ஒரு கும்பலைப் பிடித்தார்கள். அப்படிப்பட்ட வண்டி நம் கைக்கு வந்தால் பணமும் போகும், வண்டியும் போகும், போலீஸ் ஸ்டேஷன் வாசலும் மிதிக்க வேண்டியிருக்கும்.

ஆகவே, அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் செய்ய வேண்டியவற்றைச் சொல்கிறோம். வீட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில், வண்டியை நிறுத்தி வைத்தே பாருங்கள். தரைவிரிப்பைத் தூக்கிப் பாருங்கள். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுங்கள். வெள்ளத்தில் நின்ற வண்டியென்றால் உள்ளே சுருண்டிருந்த பகுதியில் சேற்றுக் கறை இருக்கலாம். சீட்டுக்கு அடியிலுள்ள இரும்பிலும் பியூஸ் பெட்டியிலும் துரு இருக்கிறதா பாருங்கள். கதவுக் கண்ணாடிகளின் மூலையிலுள்ள முத்திரைகளை ஒப்பிடுங்கள். ஒன்று மட்டும் வேறாக இருந்தால் ஏன் மாற்றினார்கள் என்று கேளுங்கள். சாவியைத் திருப்பும்போது ஏர்பேக் விளக்கு எரிந்து அணைய வேண்டும். எரியவே இல்லையென்றால் ஒயரை வெட்டியிருக்கலாம்.

அடுத்தது காகிதம். ஆர்.சி.யில் உள்ள சேஸிஸ் நம்பரையும் இன்ஜின் நம்பரையும் வண்டியில் கொத்தியிருப்பதோடு எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். பழைய பாலிசிகள் எல்லாவற்றையும் கேளுங்கள். ஒரே உரிமையாளர் ஐந்து வருஷம் வைத்திருந்த வண்டி என்கிறார்கள், பாலிசியில் நோ கிளெய்ம் போனஸ் பூஜ்யம் என்றால், கிளெய்ம் வாங்கினாரா என்று கேட்டே ஆக வேண்டும். நடுவில் பல மாதம் பாலிசியே இல்லையென்றால் அந்த மாதங்களில் வண்டி எங்கே இருந்தது என்று கேளுங்கள். கம்பெனி ஒர்க்‌ஷாப்பில் சேஸிஸ் நம்பரைக் கொடுத்து சர்வீஸ் விவரம் பார்க்கச் சொல்லுங்கள். விற்கிறவர் இதற்குச் சம்மதிக்காவிட்டால் அந்த வண்டி நமக்கு வேண்டாம்.

விற்கிறவரிடம், 'இந்த வண்டி வெள்ளத்தில் மூழ்கியதில்லை, இன்ஷூரன்ஸில் முழு நட்டம் ஆனதில்லை' என்று எழுதி வாங்குங்கள். படிக்கத் தெரியாத மொழியில் உள்ள எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். தெலுங்கு படிக்கத் தெரிந்த நம் பிள்ளைகள் சங்கத்தில் இருக்கிறார்கள், கொண்டு வாருங்கள். பழைய வண்டி வியாபாரி பதிவு அலுவலகத்தில் அங்கீகாரச் சான்று பெற வேண்டும் என்று 2023 ஏப்ரல் 1 முதல் மத்திய அரசின் விதி இருக்கிறது. அதைக் காட்டச் சொல்லுங்கள். வாங்கிய பிறகு 30 நாட்களுக்குள் பெயர் மாற்றத்துக்கு மனுக் கொடுங்கள், 14 நாட்களுக்குள் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் எழுதுங்கள். பாலிசி நம் பேருக்கு மாறாவிட்டால் நம் வண்டிக்கு ஏற்படும் சேதத்துக்குப் பணம் கிடைக்காமல் போகும்.

ஏற்கெனவே ஏமாந்தவர்கள் தலைவிதி என்று உட்கார்ந்துவிடக் கூடாது. 2019-ஆம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நாம் குடியிருக்கிற மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே வியாபாரி மேல் வழக்குப் போடலாம். இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். கொடுத்த விலை ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. வக்கீல் கட்டாயம் இல்லை. 'டாக்சி ஓட்ட வாங்கினாய், நீ நுகர்வோர் இல்லை' என்பார்கள். பிழைப்புக்காகத் தானே ஓட்டுவதற்கு வாங்கியவரும் நுகர்வோர்தான் என்று சட்டமே சொல்கிறது. 1915 என்ற எண்ணில் யோசனை கேட்கலாம். விற்றவர் வியாபாரி இல்லாத தனி ஆள் என்றால் சிவில் கோர்ட்டும், ஏமாற்றுக்கான போலீஸ் புகாரும் இருக்கின்றன. பெண்களுக்கும் தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினருக்கும் ஆலைத் தொழிலாளர்களுக்கும் 1987-ஆம் வருஷத்துச் சட்டப்படி இலவச வக்கீல் உதவி உண்டு. அதற்கு எண் 15100.

தனித்தனியாக ஜாக்கிரதையாக இருந்தால் மட்டும் போதாது. நாம் வேண்டாம் என்று விட்ட வண்டியை அடுத்த தெருவில் இன்னொரு ஏழை வாங்குவான். ஆகவே நம் கோரிக்கை இரண்டுதான். முழு நட்டம் என்று எந்தக் கம்பெனி பணம் கொடுத்தாலும் அந்தச் செய்தி ஆர்.டி.ஓ. ஆபீஸுக்குப் போய் ஆர்.சி.யிலேயே எழுதப்பட வேண்டும். அப்படிப்பட்ட வண்டி மறுபடி சாலைக்கு வர வேண்டுமானால் அரசாங்கப் பரிசோதனையில் தேறி வரவேண்டும். இல்லையென்றால் 2021-ஆம் வருஷத்து விதிகளின்படி பதிவு பெற்ற உடைப்பு நிலையத்துக்குப் போகட்டும். இதில் யாருக்கு என்ன நட்டம்? பாலிசிக்காரருக்குப் பணம் வந்துவிட்டது. கம்பெனி ஏலத்தில் கொஞ்சம் குறைவாக வாங்கும், அவ்வளவுதான். இன்றைக்கோ வெள்ளத்தின் நட்டம் ஒவ்வொரு கையாக மாறி, கடைசியில் நம் வீட்டுத் தாய்மார்களின் கழுத்திலிருந்து வசூலாகிறது.

அதோடு இது பணப் பிரச்சினை மட்டுமில்லை. திருமலை மலைப்பாதையில் வளைவுக்கு வளைவு பிரேக்கை நம்பி இறங்குகிறோம். வண்டிக்குள் நம் பையன் இருக்கிறான், அவனை நம்பி ஏறிய குழந்தைகுட்டிகள் இருக்கிறார்கள். வெல்டிங் வைத்த சட்டமும் துருப்பிடித்த ஒயரும் எந்த வளைவில் கைவிடும் என்று யாருக்கும் தெரியாது.

இந்தக் கோரிக்கையை மனுவாக எழுதி, தமிழிலும் தெலுங்கிலும் வாசலில் வைத்திருக்கிறோம். படித்துப் பார்த்து, படிக்கத் தெரியாதவர்களுக்குப் படித்துக் காட்டி, அதன் பிறகு கையெழுத்துப் போடுங்கள். பழைய வண்டி பார்க்கப் போகிறவர்கள் ஒரு நாள் முன்னதாகச் சங்கத்தில் சொல்லுங்கள். நம் உறுப்பினர்களில் மெக்கானிக் இருக்கிறார், டிரைவர்கள் இருக்கிறார்கள். கூட வருவார்கள்.