சர்க்கரையும் சிறுநீரகக் கல்லும்



கோடை வெயிலில் கரும்பு வெட்டுவோருக்கும் வரப்புக் கழிப்போருக்கும் உடல் நீரெல்லாம் வியர்வையாகவே போய்விடுகிறது. சிறுநீர் குறைந்து, மஞ்சளாகக் கடுத்து இறங்குகிறது. அதில் கரைந்துள்ள சுண்ணாம்புச் சத்தும் ஆக்சலேட்டும் அடர்த்தி மிகுந்து படிகமாகப் பிரிவதே பெரும்பாலான சிறுநீரகக் கற்களுக்குத் தொடக்கம். பாகு சுண்டினால் கற்கண்டு கட்டுகிறதல்லவா, அதுபோலத்தான்.

இதில் இனிப்புக்கும் பங்கு உண்டு என்பது பலருக்குத் தெரியாது. 1969ஆம் ஆண்டு அமெரிக்க மருத்துவர்கள் சிலருக்கு 100 கிராம் குளுக்கோஸ் அல்லது சர்க்கரை கொடுத்துச் சிறுநீரைச் சோதித்தார்கள். அதில் சுண்ணாம்புச் சத்து கூடியது. கல் உண்டானவர்களிடமும் அவர்களின் இரத்த உறவினரிடமும் இந்த ஏற்றம் மற்றவர்களைவிட மிகுதி. இனிப்பு உண்டதும், சிறுநீரகம் சுண்ணாம்புச் சத்தை இரத்தத்துக்குத் திருப்பி அனுப்புவது குறைந்து, அது சிறுநீரோடு வெளியேறுகிறது. ஆகவே தகப்பனாருக்கோ அண்ணன் தம்பிக்கோ கல் இருந்திருந்தால் நீங்களும் கவனமாக இருக்க வேண்டும்.

சர்க்கரையில் பாதி குளுக்கோஸ், மறுபாதி ஃபிரக்டோஸ். ஃபிரக்டோஸ் கல்லீரலில் மாற்றமடையும்போது யூரிக் அமிலம் உண்டாகிறது. அதுவும் கல்லுக்குத் துணை போவதுதான். 2013இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், இனிப்புக் கோலாவை நாள்தோறும் குடித்தவர்களுக்கு, வாரம் ஒன்றுகூடக் குடிக்காதவர்களைவிடக் கல் உண்டாகும் வாய்ப்பு 23 சதவீதம் கூடுதலாக இருந்தது. 300 மில்லி கோலாவில் சுமார் 30 கிராம் சர்க்கரை உள்ளது.

வெல்லமானால் பரவாயில்லையா என்று கேட்பீர்கள். கரும்பு பயிரிடுவோரிடம் சொல்ல எனக்கே சங்கடம்தான். வெல்லத்திலும் கருப்பட்டியிலும் பெரும்பங்கு அதே சர்க்கரைதான். பொங்கலுக்கு உண்பதை யாரும் தடுக்கவில்லை. வெயிலில் எடுத்த தாகத்தை இனிப்பு நீரால் தணிப்பதுதான் கெடுதல்.

வயலுக்குத் தண்ணீர்க் குடத்தோடு போங்கள். நாளொன்றுக்கு 2 லிட்டருக்குக் குறையாமல் சிறுநீர் பிரியும் அளவுக்குக் குடிக்க வேண்டும். எலுமிச்சைச் சாறு கலந்தால் மிக நல்லது. அதிலுள்ள சிட்ரேட், சுண்ணாம்புச் சத்து ஆக்சலேட்டோடு சேராமல் பிடித்துக்கொள்ளும். அதில் சர்க்கரை வேண்டாம். உப்பும் சிட்டிகைக்கு மேல் வேண்டாம், மிகுந்த உப்பும் சிறுநீரில் சுண்ணாம்புச் சத்தை ஏற்றும்.

கல் வந்ததும் பாலையும் மோரையும் நிறுத்திவிடுகிறார்கள். அது தவறு. உணவோடு சேரும் சுண்ணாம்புச் சத்து, ஆக்சலேட்டைக் குடலிலேயே பிடித்து மலத்தோடு தள்ளிவிடும்.

இதய நோயோ சிறுநீரகக் கோளாறோ உள்ளவர்கள் தண்ணீரின் அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். விலா வலியுடன் குளிர்காய்ச்சலோ நீர் அடைப்போ கண்டால், கைவைத்தியத்தில் நாள் கடத்தாமல் அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.