முயல்களுக்குக் கிடைத்த மேடை

நூலகத் துறையின் மூத்தவர்கள் முன்வரிசையில் இருக்க, அமைப்பாளர்கள் இப்போது பேசுகிறவரைத் தலைமை இருக்கையில் உட்கார வைத்துவிட்டார்கள். உட்கார்ந்தவருக்குப் பெருமைதான், பெருமையைவிடப் பதற்றம் ஒரு பிடி கூடுதல். ரங்கநாதனின் ஐந்து நூலகவியல் விதிகளை ஒப்பித்து நேரத்தைத் தள்ளலாமென்றால், இந்த அவையில் அது எடுபடாது.

கருத்தரங்கின் பொருள், அமெரிக்கப் பள்ளிகளில் கறுப்பின நூலகர்கள்: நேற்றும் இன்றும். அண்மைக்கால நிலைக்கு ஒரு கணக்கு போதும். அமெரிக்க நூலகச் சங்கத்தின் 2009-10 கணக்கின்படி, பொது, உயர்கல்வி, பள்ளி நூலகங்களில் தகுதிச் சான்று பெற்ற நூலகர்கள் 1,18,666 பேர்; அவர்களில் கறுப்பினத்தவர் 6,160 பேர். அந்த 6,160 பேரில் ஆண்கள் 563. மற்றதை அமர்வுகள் பேசும்.

வம்பு நேற்றைய கதையில்தான் இருக்கிறது.

இந்தத் தலைப்பில் வரும் கட்டுரைகள் பெரும்பாலும் அகஸ்டா பேக்கர், சார்லமே ராலின்ஸ் என்ற இரு பெயர்களோடு தொடங்குகின்றன. இருவரும் பெரியவர்கள், ஐயமில்லை. ஆனால் பேக்கர் பேரெடுத்தது நியூயார்க் பொது நூலகத்தில். ராலின்ஸ் சிகாகோ பொது நூலகத்தில். பள்ளிக்கூட மணியடித்ததும் முப்பது பிள்ளைகள் முண்டியடித்து நுழையும் அறையில் வேலை பார்த்தவர்களைத் தேடுகிறவர், வேறு பக்கம் திரும்ப வேண்டும். முன்பொரு கருத்தரங்கில் இதைச் சொன்னபோது மதிப்புக்குரிய நண்பர் ஒருவர் ‘ஆதாரம் எங்கே?’ என்றார். நியாயமான கேள்வி. பதில் அன்றைக்கு நேரமின்மையால் நின்றுபோயிற்று.

வர்ஜீனியா லேசி ஜோன்ஸ் 1945இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்கு அளித்த ஆய்வேடு, தென்மாநில நகரங்கள் சிலவற்றில் கறுப்பின மாணவர்கள் படித்த அரசு உயர்நிலைப் பள்ளிகளின் நூலகங்களைப் பற்றியது. அவருக்கு அது ஏட்டுப் பொருளல்ல. 1936 முதல் 1939 வரை அட்லாண்டா, ஃபிஸ்க், ஹாம்ப்டன், பிரெய்ரி வியூ ஆகிய இடங்களில் கறுப்பின ஆசிரியர்களுக்கு நூலகப் பயிற்சி வகுப்புகள் நடந்தபோது அந்த வேலையில் ஈடுபட்டவர் அவர். 1945 முதல் 1981 வரை அட்லாண்டா பல்கலைக்கழக நூலகவியல் பள்ளியின் தலைவராகவும் இருந்தார். ஆதாரம் கேட்பவர்கள் அங்கே தொடங்கலாம்.

கறுப்பின எழுத்தாளர்களின் குழந்தை நூல்களுக்கான கொரெட்டா ஸ்காட் கிங் விருதையும் எல்லோரும் சொல்கிறார்கள்; சுவரொட்டிக் கதையாக மட்டும். 1969, அட்லாண்டிக் சிட்டி, சங்க மாநாடு. பதிப்பகக் கடையொன்றில் மார்ட்டின் லூதர் கிங் சுவரொட்டிக்கு மேபல் மெக்கிஸிக்கும் கிளிண்டன் கிரீரும் ஒரே நேரத்தில் ஆசைப்பட, பேச்சு வளர்ந்து, கறுப்பின எழுத்தாளருக்கு இதுவரை நியூபெரி குழந்தை இலக்கிய விருதில்லையே என்ற இடத்துக்கு வந்தது. அருகிலிருந்த பதிப்பாளர் ஜான் கரோல், நீங்களே ஒரு விருது தொடங்கக்கூடாதா என்றார். இருவரும் பள்ளி நூலகர்கள். 1970இல் முதல் விருது பெற்ற லில்லி பேட்டர்சனும் பால்டிமோர் பள்ளிகளில் நூலகப் பணியில் இருந்தவர். சங்கம் அதை முறைப்படி ஏற்றது 1982இல். சுவரொட்டி எல்லோருக்கும் நினைவிருக்கிறது. அந்தப் பன்னிரண்டு ஆண்டுக் காத்திருப்பைப் பேசுவோர் குறைவு.

இனி அலபாமாவின் தலைநகர் மான்ட்கோமரி. 1959இல் அலபாமா பொது நூலகச் சேவையின் இயக்குநர் எமிலி ரீட், கறுப்பு முயலும் வெள்ளை முயலும் மணந்துகொள்ளும் கார்த் வில்லியம்ஸின் படக்கதையை விலக்க மறுத்தார். மாநிலச் செனட்டர் எடின்ஸ் குதித்தார். ரீட் வெள்ளைக்காரர், அவர் துணிவைப் பற்றி நாடகமே வந்துவிட்டது. வரவேண்டியதுதான்.

அதே மாநிலத்தின் கல்வித்துறையில் கறுப்பினப் பள்ளிகளின் நூலகங்களுக்குப் பொறுப்பாக இருந்தவர் கேரி கோல்மன் ராபின்சன். இனவாரியாகப் பிரிந்திருந்த துறை ஒன்றானபோது மேல்பதவி அவரைத் தாண்டி ஒரு வெள்ளையருக்குப் போனது. 1969இல் வழக்குத் தொடுத்தார். வழக்கு சமரசத்தில் முடிந்தது. அவரைப் பற்றி நாடகத்துக்கு எங்கே போவது? நூலக வரலாற்றாளர் வேய்ன் வீகண்ட் 2021இல் எழுதும்வரை நம் துறையின் வரலாறுகளே அவரைப் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை.

ஏன் என்பதற்கு இன்றைய தலைவரிடம் ஒரு விடை உண்டு. மறுப்பவர்கள் தேநீர் இடைவேளைக்குக் காத்திருக்கலாம். முயல் கதையில் வில்லன் அரசியல்வாதி. நூலகர் சமூகம் அதைக் கேட்டு நிமிர்ந்து உட்காரலாம். ராபின்சன் கதையில் இருப்பது பணி நியமன ஆணை, ஊதியப் படிநிலை, பணிமூப்பு. அதில் துறைக்குப் பாராட்டுப் பத்திரம் எதுவும் இல்லை; நூலகச் சங்கங்கள் வாய்திறக்கவில்லை என்பதே வீகண்டின் குறை. சமரசம் என்பதால் மேற்கோள் காட்டத் தீர்ப்பும் இல்லாமல் போயிற்று.

பள்ளிகளில் இனப் பிரிவினை செல்லாது என்ற 1954 பிரவுன் தீர்ப்புக்குப் பிறகு பத்தாண்டுகளில், 17 மாநிலங்களில் ஏறத்தாழ 38,000 கறுப்பின ஆசிரியர்களும் பள்ளி நிர்வாகிகளும் வேலையிழந்ததாக எழுதி வருகிறோம். அந்த எண்ணில் நூலகருக்குத் தனி வரி கிடையாது. பள்ளிகள் இணைந்தபோது ஒரு கட்டடத்துக்கு ஒரே நூலகர்தான் என்றால், இருவரில் யார் வெளியேறியிருப்பார்?

முதல் அமர்வில் ஹூஸ்டன் பற்றிய கட்டுரை வருகிறது. 2023இல் அங்கே 28 பள்ளிகளில் நூலகர் பணியிடங்களை நீக்கி, நூலக அறைகளை ஒழுங்கு மீறிய மாணவர்களை உட்கார வைக்கும் கூடங்களாக்க முடிவெடுத்தார்கள். கட்டுரையாளர் புத்தகங்களின் கதியை விரிவாகச் சொல்வார் என்று சுருக்கத்தில் தெரிகிறது. அதோடு, அந்த 28 இடங்களில் இருந்தவர்கள் யார், எந்த வேலைக்கு மாற்றப்பட்டார்கள் என்பதையும் அவர் சொல்ல வேண்டும்.