அரசியல் படிக்கப் போற பிள்ளை

(தோட்டப் பெற்றோர் கூட்டத்தில் நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



உயர்தரத்தில் கலைப்பிரிவு எடுத்த பிள்ளைகள் இந்தத் தோட்டத்தில் நாலைந்து பேர் இருக்கிறார்கள். அதில் ஒரு பிள்ளை அரசியல் விஞ்ஞானம் படிக்கிறது என்று கேட்டு, "கட்சியில சேரப் போகுதா?" என்று அதன் அம்மா என்னிடம் வந்து கவலைப்பட்டார். அந்தக் கேள்விக்குத்தான் இன்றைக்குப் பேச வந்தேன்.

வவுனியாவில் எங்கள் சொந்தக்காரர் ஒரு குடும்பம் இருக்கிறது. 1977 கலவரத்தில் மலைநாட்டை விட்டுப் போனவர்கள். அப்படி 1977இலும் 1983இலும் போய் வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவு காடுகளை வெட்டிக் குடியேறிய நம்ம சனம் ஏராளம். உங்களில் பல பேருக்கும் அங்கே அண்ணன், மாமன் இருப்பார்கள். அந்த வீட்டுப் பொண்ணு இப்போ யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் அரசறிவியல் படிக்குது. தகப்பனார் முதலில் சம்மதிக்கவில்லை. யுத்தத்தில் இடம்பெயர்ந்து, 2009இல் மெனிக் பாம் முகாமில் கிடந்து வந்த மனுஷன். "அரசியல்" என்ற சொல்லே அவருக்குப் பயம். அந்தப் பயத்தை நான் குறை சொல்ல மாட்டேன்.

பக்கத்திலேயே படிக்க முடியாதா என்றும் கேட்டார். வவுனியா வளாகம் 2021 ஓகஸ்ட் 1இல் தனிப் பல்கலைக்கழகமாக ஆனபோது அதில் பிரயோக விஞ்ஞானம், வியாபாரம், தொழில்நுட்பம் என்ற மூன்று பீடங்கள்தான். கிளிநொச்சி அறிவியல் நகரில் விவசாயமும் பொறியியலும். கலைப்பாடம் என்றால் யாழ்ப்பாணம், பேராதனை மாதிரி இடங்களுக்குப் போகத்தான் வேணும்.

அங்கே போனால் அரசியல் மட்டும் படிப்பதில்லை. முதல் வருஷம் வரலாறு, பொருளியல், புவியியல் என்று வேறு பாடங்களும் சேர்த்துத்தான் எடுக்க வேணும். பல துறையைக் கலந்து படிக்கும் இந்த முறை நமக்குப் புதிசு இல்லை. 1823இலேயே வட்டுக்கோட்டையில் அமெரிக்க மிசனரிமார் நடத்திய செமினரியில் தமிழ், ஆங்கிலம், கணிதம், வானசாஸ்திரம் எல்லாம் சேர்த்துச் சொல்லிக் கொடுத்தார்கள். 1857இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளான சி.வை. தாமோதரம்பிள்ளையும் கரோல் விசுவநாதபிள்ளையும் அங்கே படித்தவர்கள்தான்.

சரி, அரசறிவியலில் என்ன இருக்கிறது? நம்ம கதையே இருக்கிறது. 1931இல் சர்வசன வாக்குரிமை வந்தபோது ஹட்டனில் இருந்து பெரி சுந்தரம் அரசாங்க சபைக்குப் போய் அமைச்சரும் ஆனார். 1947இல் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு பேரைப் பாராளுமன்றம் அனுப்பியது. அடுத்த வருஷமே, 1948இல், பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. 1952 தேர்தலில் நம்ம ஆட்களில் பெரும்பாலானவர்களுக்கு வாக்கு இல்லை. 1964 ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு, 3,00,000 பேரை இங்கே என்று இரண்டு நாட்டுத் தலைவர்கள் பிரித்தார்கள். நம்மிடம் ஒருவரும் கேட்கவில்லை. மிச்சம் இருந்தவர்களுக்கு 2003 சட்டத்தில்தான் பிரஜாவுரிமை கிடைத்தது. நம்ம தாத்தாமார் இதையெல்லாம் "தலைவிதி" என்றார்கள். அந்தப் பொண்ணு சட்ட இலக்கத்தோடு சொல்லுது.

இன்னொன்று. தோட்ட ரோட்டைப் பிரதேச சபை ஏன் போட்டுத் தரவில்லை என்று எத்தனை வருஷம் திட்டினோம்! 1987 பிரதேச சபைச் சட்டமே தோட்டத்துக்குள் செலவு செய்யத் தடையாக இருந்தது. 2018இல்தான் அதைத் திருத்தினார்கள். சட்டத்தில் எந்த வரி நம்மைத் தடுக்குது என்று வாசித்துச் சொல்ல நம்ம பிள்ளை ஒன்று வேண்டாமா?

வேலை விஷயத்தில் பொய் சொல்ல மாட்டேன். கலைப் பட்டதாரிகள் வேலைக்குக் காத்திருப்பது உண்மை. ஆசிரியத் தொழில் உண்டு, நிருவாக சேவைப் பரீட்சைக்கும் தோற்றலாம். ஆனால் ஆங்கிலமும் கம்ப்யூட்டரும் கூடவே படிக்காவிட்டால் கஷ்டம்தான். அரச பல்கலைக்கழகத்தில் படிப்புக்குக் கட்டணம் இல்லை. தங்குமிடமும் சாப்பாடும்தான் செலவு. தகுதியானவர்களுக்கு மகாபொல உதவி இருக்கிறது.

உயர்தர முடிவு வந்ததும் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைநூலை வாங்கிக்கொண்டு ஆபீசுக்கு வாங்க. அடையாள அட்டையில் பேர் பிழையாக இருக்கிறவர்கள் அதுவரை நிற்காமல் இந்த வாரமே வந்து சொல்லுங்கள்.