லாரி ஓட்டக் கற்கும் செலவு

சேலத்திலிருந்து கோயம்புத்தூர் நோக்கிச் செல்பவர்கள் சங்ககிரியைக் கடக்கும்போது மலைக்கோட்டையை மட்டும் பார்த்துவிட்டுப் போக இயலாது. சாலை ஓரங்களில் அணிவகுத்து நிற்கும் லாரிகளையும் பார்த்தே தீரவேண்டும். சங்ககிரியில் சரக்கு லாரிகள், திருச்செங்கோட்டில் ஆழ்குழாய்க் கிணறு தோண்டும் வண்டிகள், நாமக்கல்லில் எரிவாயு ஏற்றிச் செல்லும் டாங்கர் லாரிகளும், லாரிகளுக்குக் கூண்டு கட்டும் பட்டறைகளும். மழை குறைந்த இந்தப் பகுதி மக்கள் மண்ணை நம்பிப் பயனில்லை என்று கண்டபின் சாலையை நம்பத் தொடங்கினர் என்று சொல்வது மிகையாகாது. இந்த வட்டாரப் பள்ளி ஒன்றில் நெடுங்காலம் கணக்குப் பாடம் நடத்தியவன் நான். என்னிடம் பயின்ற பிள்ளைகளுள் கல்லூரிக்குப் போனவர்களும் உண்டு. லாரிக்குப் போனவர்களும் உண்டு. பின்னவர்கள் போட்டிருக்கவேண்டிய ஒரு கணக்கைப் பற்றியே இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

தொழிற்கல்வி என்றவுடன் நம் மனக்கண்முன் பொறியியற் கல்லூரியும் பாலிடெக்னிக்கும் தோன்றுகின்றனவேயன்றி, லாரி ஓட்டும் பயிற்சி தோன்றுவதில்லை. அதுவும் கற்றே தீரவேண்டிய ஒரு வித்தை என்பதை ஊர் மறந்துவிடுகிறது. ஆனால் அதற்கான தேவையோ பெரிது. 2019ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் மத்திய போக்குவரத்து அமைச்சகம், போக்குவரத்து வண்டி ஓட்ட எட்டாம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும் என்றிருந்த நிபந்தனையை நீக்கப்போவதாக அறிவித்தபோது, நாட்டில் ஏறக்குறைய 22 லட்சம் ஓட்டுநர்கள் பற்றாக்குறையாக இருப்பதாகக் கூறிற்று. அவ்வாண்டே நிபந்தனையும் நீங்கியது. படிப்பு என்னும் கதவு திறந்துவிட்டது. பணம் என்னும் கதவு மட்டும் ஏழை வீட்டுப் பிள்ளைக்கு இன்னும் பாதி மூடியே இருக்கிறது.

முற்காலத்தில் இதற்குப் பயிற்சிப் பள்ளி ஏது? கிளீனராகச் சேர்வதுதான் பள்ளி. தார்ப்பாய் மூடிக் கயிறு இழுத்துக் கட்டுவது, டயரைத் தட்டிப் பார்த்துக் காற்றை அறிவது, மேட்டில் வண்டி நின்றால் பாய்ந்து இறங்கிச் சக்கரத்துக்குக் கட்டை கொடுப்பது, டிரைவருக்குத் தேநீர் வாங்கி வருவது, பின்னால் எடுக்கும்போது குரல் கொடுப்பது என்று நான்கைந்து ஆண்டுகள் கழியும். பிறகு ஒரு நாள் நள்ளிரவில், ஆளரவமற்ற சாலையில், குருநாதர் மனமிரங்கி, “வந்து உட்காருடா” என்பார். கட்டணம் என்று ஒரு காசும் இல்லை. ஆயினும் அதை இலவசக் கல்வி என்று சொல்ல என் கணக்கறிவு இடந்தரவில்லை. வாலிபத்தின் நான்கைந்து ஆண்டுகளே அங்கே கட்டணம். மேலும் அந்த நள்ளிரவுப் பாடம் சட்டத்துக்கு விரோதமானது. உரிமம் இல்லாதவன் ஓட்டி விபத்து நேர்ந்தால் இழப்பீட்டின் சுமை வண்டிக்காரர் தலையில் விழும். ஓட்டியவனுக்குச் சிறைவாசமும் நேரலாம். இப்பொழுது பல லாரிகளில் கிளீனர் என்ற ஆளே கிடையாது. ஆதலால் அந்தப் பழைய பள்ளியும் தானே மூடிக்கொண்டு வருகிறது.

இனிச் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டப்படி, போக்குவரத்து வண்டி ஓட்டுவதற்கு இருபது வயது நிரம்பியிருக்க வேண்டும். அதற்குரிய பழகுநர் உரிமம் பெறுமுன் இலகுரக வண்டி உரிமத்தைக் குறைந்தது ஓராண்டு வைத்திருக்க வேண்டும். அரசாங்கத்துக்குச் செலுத்தும் தொகையோ சிறிது. 2016 டிசம்பரில் திருத்தப்பட்ட பட்டியலின்படி பழகுநர் உரிமத்துக்கு 150 ரூபாய், சோதனைக்கு 300, இருக்கின்ற உரிமத்தில் வேறொரு வகை வண்டியைச் சேர்த்துக்கொள்ள 500. சில்லறைச் சேவைக் கட்டணங்கள் நீங்கலாகக் கூட்டிப் பாருங்கள், ஆயிரத்தை எட்டவில்லை.

பெருஞ்செலவு பயிற்சிப் பள்ளியில் இருக்கிறது. உரிமம் பெற்ற பள்ளி ஒன்று ஐந்தாம் எண் படிவத்தில் சான்றிதழ் அளித்தாலன்றிக் கனரக வண்டிக்கான சோதனைக்குப் போக இயலாது. பள்ளிக்காரரைக் கொள்ளைக்காரர் என்று ஏசுவது எளிது. அவர் கனத்த வண்டி ஒன்றை வைத்திருக்க வேண்டும். அதில் ஆசிரியர் காலுக்கும் பிரேக் எட்டும்படி இரட்டைக் கட்டுப்பாடு அமைக்க வேண்டும். டீசல், வரி, காப்பீடு, ஆசிரியர் சம்பளம் எல்லாம் உண்டு. ஆகவே அரசுக் கட்டணத்தைப்போல் பல மடங்கு அவர் கேட்பதில் வியப்பில்லை. நாம் கேட்கவேண்டிய கேள்வி வேறு. அந்தத் தொகைக்கு எத்தனை மணி நேரம் என் கையில் ஸ்டீயரிங் இருக்கும்?

மத்திய மோட்டார் வாகன விதிகள் இதற்கு ஓர் அளவு வகுத்திருக்கின்றன. போக்குவரத்து வண்டிப் பயிற்சி முப்பது நாட்களுக்குக் குறையலாகாது. அதில் உண்மையாக வண்டி ஓட்டும் நேரம் பதினைந்து மணிக்குக் குறையலாகாது. ஒவ்வொரு மாணவனும் எத்தனை மணி நேரம் ஓட்டினான் என்பதைப் பள்ளி ஒரு பதிவேட்டில் குறித்து வரவேண்டும். பதினைந்தாம் எண் படிவம் என்று அதற்குப் பெயர். வண்டியில் ஆறு பேரை ஏற்றிக்கொண்டு ஒரு மணி நேரம் சுற்றிவிட்டு, ஆறு பேர் கணக்கிலும் ஒவ்வொரு மணி எழுதுவது கூட்டலும் அன்று, வகுத்தலும் அன்று. பள்ளி கேட்கும் தொகையை ஓட்டும் மணிகளால் வகுத்துப் பாருங்கள். மலிவு என்று தோன்றிய பள்ளியில் ஒரு மணிக்கு ஆகும் செலவு மிகுந்திருப்பதும், அதிகம் கேட்ட பள்ளியில் குறைந்திருப்பதும் அப்பொழுது விளங்கும். சான்றிதழை மட்டும் விற்கும் இடம் எவ்வளவு குறைவாகக் கேட்டாலும் வீண்செலவே. பதினெட்டு டன் சரக்கோடு இறக்கத்தில் இறங்கும் வண்டிக்குத் தாளில் எழுதிய மணிக்கணக்கு தெரியாது.

பணம் குறைந்தவன் எந்தச் செலவை முதலில் செய்வது என்பதிலும் ஒரு முறை உண்டு. மருத்துவச் சான்றிதழ் முதலில் வரட்டும். இருபத்தைந்து மீட்டர் தூரத்தில் உள்ள காரின் எண் பலகை கண்ணுக்குத் தெரிகிறதா, நிறங்களைப் பிரித்தறியும் ஆற்றல் எப்படி இருக்கிறது என்றெல்லாம் அந்தப் படிவத்தில் மருத்துவர் எழுதவேண்டும். பள்ளிக்கு முழுத் தொகையையும் கட்டி, ஒரு மாதம் பயின்று, அதன்பின் நிறங்களைப் பிரித்தறியும் ஆற்றல் தனக்கில்லை என்று அறிந்துகொண்ட ஒரு பையனை நான் அறிவேன். கட்டிய தொகை திரும்பவில்லை. மருத்துவரிடம் முதலில் போயிருந்தால் அற்பச் செலவோடு முடிந்திருக்கும்.

அடுத்து, அந்த ஓராண்டுக் காத்திருப்பு. பலர் இதை ஒரு தண்டனையாக எண்ணுகிறார்கள். எனக்கோ இது ஏழைக்குக் கிடைத்த தவணையாகவே தோன்றுகிறது. பதினெட்டு வயதில் இலகுரக உரிமம் எடுத்தவனுக்கு இருபது வரை ஈராண்டு அவகாசம் உண்டு. மாதந்தோறும் அஞ்சலகச் சேமிப்புக் கணக்கில் ஒரு தொகை போட்டு வந்தால் பள்ளிக் கட்டணத்தின் பெரும்பகுதி சேர்ந்துவிடும். இருபது நிரம்பியபின் இன்னொரு வழியும் இருக்கிறது. மொத்த எடை 7,500 கிலோவுக்கு மேற்படாத சரக்கு வண்டியை இலகுரக உரிமத்தைக் கொண்டே ஓட்டலாம் என்று உச்சநீதிமன்றம் 2017இல் தீர்ப்பளித்தது. ஐவர் கொண்ட அரசியல் சாசன அமர்வு 2024 நவம்பர் 6ஆம் நாள் அதை உறுதி செய்தது. நம் ஊரில் ‘குட்டி யானை’ என்று அழைக்கிறார்களே, அந்தச் சிறு வண்டி இந்த எல்லைக்குள் அடங்கும். குட்டி யானையில் சம்பாதித்துப் பெரிய யானைக்குப் பயிலலாம் என்பது இதன் பொருள்.

கையில் சேமிப்பு இல்லாதவர் பிறர் பணத்தை நாடுகிறார்கள். யாருடைய பணம் என்பதைப் பொறுத்தே பின்வரும் ஆண்டுகளின் நிலை அமைகிறது. அரசுப் பணம் கிடைக்குமானால் அதை முதலில் நாடுவதே முறை. சாலைப் போக்குவரத்து நிறுவனம் கும்மிடிப்பூண்டியில் கனரக வண்டிப் பயிற்சி அளித்து வந்திருக்கிறது. தமிழ்நாடு திறன் மேம்பாட்டுக் கழகம் பல தொழில்களுக்குக் கட்டணமின்றிப் பயிற்சி நடத்துகிறது. ஆதிதிராவிட, பழங்குடியின இளைஞர்களுக்குத் தாட்கோ நடத்தும் பயிற்சிகளில் வாகனம் ஓட்டுதலும் இடம்பெற்றதுண்டு. இவை ஆண்டு முழுவதும் திறந்திருக்கும் கடைகள் அல்ல. மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தில் சென்று கேட்டு, அறிவிப்பு வரும்வரை பொறுத்திருக்க வேண்டும். தனியார் பள்ளியில் பணம் கட்டிச் சேர்ந்துவிட்டுப் பிறகு போய்க் கேட்பதில் பயனில்லை.

வங்கிகளில் திறன் கடன் என்று ஒன்று 2015 முதல் இருக்கிறது. தொடக்கத்தில் ஒன்றரை லட்சம் ரூபாய் வரையில் இருந்த உச்சவரம்பு 2024இல் ஏழரை லட்சமாக உயர்ந்தது. ஆனால் அரசு அங்கீகரித்த திறன் பயிற்சிகளுக்கே அது உரியது. தெருக்கோடிப் பயிற்சிப் பள்ளிக்குக் கிடைப்பது அரிது. ஆகவே பள்ளியைத் தேர்ந்தெடுக்குமுன் வங்கி மேலாளரைப் பார்ப்பது நல்லது.

வீட்டு நகையை அடகு வைப்பவர்களும் உண்டு. தாயின் தோட்டை வங்கியில் வைத்துக் கட்டணம் கட்டினால், உரிமம் கிடைத்த மறுமாதமே மீட்டுவிடலாம் என்று பிள்ளைகள் கணக்கிடுகிறார்கள். புதிய உரிமத்தோடு வருபவன் கையில் எந்த முதலாளியும் பன்னிரண்டு சக்கர வண்டியை உடனே ஒப்படைப்பதில்லை. சில மாதங்களேனும் இரண்டாவது டிரைவராகவோ, சிறிய நடைகளிலோ போகவேண்டியிருக்கும். அந்தக் காலத்தில் வரும் பேட்டா சாப்பாட்டுக்குச் சரியாகிவிடும். வட்டி அதற்காகக் காத்திராது. ஆதலால் முதல் ஆறு மாத வருமானத்தைப் பூஜ்யம் என்று போட்டுக் கணக்குப் பாருங்கள். அப்படியும் தோடு மீளும் என்றால் அடகு வைக்கலாம்.

இவை எல்லாவற்றையும்விட எளிதாகக் கிடைப்பது லாரி முதலாளியின் முன்பணம். “பள்ளிக்கு நான் கட்டுகிறேன்; என் வண்டியிலேயே ஓட்டிக் கழித்துவிடு” என்று அவர் சொல்லும்போது தெய்வம் நேரில் வந்ததுபோல் இருக்கும். நல்ல முதலாளிகள் பலர் உண்டு. அவர்களால் வாழ்வு பெற்றவர்களையும் நான் அறிவேன். ஆயினும் என் மாணவன் ஒருவனுக்கு நேர்ந்தது வேறு. எவ்வளவு தொகை, மாதம் எவ்வளவு கழியும் என்று ஒரு வரி எழுதிக்கொள்ளவில்லை. உரிமம் வந்த அன்றே முதலாளி அதை வாங்கித் தம் பெட்டியில் வைத்துக்கொண்டார். டயர் தேய்ந்தால் அதுவும் கடன், சரக்கு நனைந்தால் அதுவும் கடன். மூன்றாண்டுக்குப் பின் கேட்டபோது முதலில் வாங்கியதைவிடப் பாக்கி அதிகமாயிருந்தது.

முன்பணம் தருவது குற்றமன்று. ஆனால் கொடுத்த முன்பணத்தைக் காட்டி, வேறிடத்தில் வேலை தேடும் சுதந்திரத்தைப் பறிப்பதைக் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976ஆம் ஆண்டிலேயே ஒழித்துவிட்டது. மாவட்ட ஆட்சியரிடம் முறையிடலாம். சம்பளத்திலிருந்து பிடிக்கும் தொகைகள் எல்லாம் சேர்ந்தும் சம்பளத்தில் பாதியைத் தாண்டலாகாது என்று 2019ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பு கூறுகிறது. அரசின் டிஜிலாக்கரில் உள்ள உரிமத்தைக் காட்டினாலே போதும் என்று 2018இல் விதி வந்துவிட்டமையால், அட்டையைப் பெட்டியில் பூட்டுவதன் வலிமையும் குறைந்துவிட்டது. எனினும் கடனில் விழுந்தபின் சட்டப் புத்தகத்தைத் தேடுவதைவிட, வாங்குமுன் ஒரு தாளில் தொகை, மாதக் கழிவு, முடியும் நாள் ஆகியவற்றை எழுதி இருவரும் கையொப்பமிடுவது மேல். அப்படி எழுத மறுப்பவரின் பணம் வேண்டாம்.

பள்ளிப்பாளையத்துத் தறித் தொழிலாளி ஒருவரின் மகன் சில மாதங்களாக என்னிடம் வந்துபோகிறான். பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவன். முதலாளி ஒருவர் முன்பணம் தர முன்வந்தார். எழுதித் தரச் சொன்னான். அவர் சிரித்துவிட்டுப் போய்விட்டார். இப்பொழுது இருபது வயது நிரம்பிவிட்டதால், குட்டி யானை ஒன்றில் நூல் மூட்டை ஏற்றிக் குமாரபாளையத்துக்கும் ஈரோட்டுக்கும் ஓடிக்கொண்டிருக்கிறான். இலகுரக உரிமத்துக்கு இது பதினோராவது மாதம். அஞ்சலகப் புத்தகத்தில் பள்ளிக் கட்டணத்துக்குச் சற்றே குறைவாக இருக்கிறது. மருத்துவச் சான்றிதழ் தயார். சென்ற வாரம் இரண்டு பயிற்சிப் பள்ளிகளுக்குப் போய்ப் பதினைந்தாம் படிவப் பதிவேட்டைக் காட்டும்படி கேட்டானாம். முதல் பள்ளியில், “நீ என்ன இன்ஸ்பெக்டரா?” என்றார்கள். இரண்டாவது பள்ளிக்காரர் சிறிது நேரம் அவன் முகத்தைப் பார்த்துவிட்டு, உள்ளே போய்ப் பதிவேட்டை எடுத்துவந்து மேசைமேல் விரித்தாராம். கட்டணம் அங்கே ஓராயிரம் கூடுதல். அதற்காக இன்னும் இரண்டு மாதம் நூல் மூட்டை ஏற்றுவதாகச் சொல்லிவிட்டு வந்திருக்கிறான்.