மனையைச் சூழ்ந்த மண்

(திங்கட் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இன்று யான் பேச எடுத்துக்கொண்ட பொருள் அளவிற் சிறியது. உங்கள் வீட்டுச் சுவருக்கும் மதிற்சுவருக்கும் இடையே கிடக்கின்ற ஐந்தாறு அடி மண்ணே அது. “இதனைப் பேசுதற்கோ இத்துணைப் பேர் கூடினோம்?” என்று நீங்கள் வினவலாம். அம்மண்ணில் எதனை நடலாம், எதனை நடலாகாது, எதனை வெட்டலாகாது என்னும் வினா உலகின் சில நகரங்களில் வழக்குமன்றப் படி ஏறியிருக்கின்றது. நம் சென்னையிலோ அது மன்றம் ஏறவில்லை. வெள்ளமாய் வீட்டுக்குள்ளேயே ஏறியது.

பழந்தமிழன் வீடு கட்டியபோது சுவரை மட்டும் எழுப்பவில்லை. முன்னே முன்றில் விட்டான். பின்னே படப்பை வைத்தான். இல்லின் முன்னிடம் ஆதலின் அது முன்றில். காயும் கீரையும் கொடியும் செழித்த கொல்லையே படப்பை. பொருள் இருந்தது, ஆகவே சொல்லும் இருந்தது. இன்று முன்றில் மகிழுந்து நிற்குமிடமாயிற்று. படப்பை கழிவுநீர்த் தொட்டிக்கு மூடியாயிற்று. பொருள் போயிற்று; அதன்பின் சொல்லும் அகரமுதலிக்குள் போய் ஒடுங்கிக்கொண்டது.

இனி, ஒரு வினா. என் மனை என்னுடையது. அதில் எதனை வைப்பது, எதனை அகற்றுவது என்று எனக்குக் கட்டளையிட நகராட்சிக்கு உரிமை உண்டா? உண்டு என்பாரும் உளர்; இல்லை என்பாரும் உளர். யான் இரண்டு ஊர்களின் கதையைச் சொல்கின்றேன். நீங்களே தீர்ப்புரையுங்கள்.

முதற்கதை அமெரிக்க நாட்டுப் புளோரிடா மாநிலத்தில் மயாமி சோர்சு என்னும் சிற்றூரில் நிகழ்ந்தது. அங்கு ஓர் இணையர் தம் வீட்டு முன்றிலில் 17 ஆண்டுகள் காய்கறி விளைவித்து உண்டுவந்தனர். வீட்டின் பின்புறத்தில் போதிய வெயில் விழாது. ஆகவே முன்புறத்தில் பயிரிட்டனர். 2013-ஆம் ஆண்டில் அவ்வூராட்சி, முன்றிலில் காய்கறி பயிரிடலாகாது என்று நெறி வகுத்தது. மீறினால் நாளொன்றுக்கு 50 தாலர் ஒறுப்புத்தொகை! பூச்செடி வைக்கலாம், பழமரம் வைக்கலாம், நெகிழியாற் செய்த பூநாரையைக்கூட நிறுத்திவைக்கலாம். கீரை மட்டும் ஆகாது! ஏன்? ஊரின் தோற்றம் கெடுமாம்.

அவ்விணையர் செடிகளைப் பிடுங்கினர். பின்பு வழக்குத் தொடுத்தனர். 2016-இல் தோற்றனர், 2017-இல் மேன்முறையீட்டிலும் தோற்றனர். ஆயினும் அவர்கள் எழுப்பிய குரல் மாநிலச் சட்டமன்றத்தை எட்டிற்று. வீட்டு நிலத்திற் காய்கறி பயிரிடுதலை ஊராட்சிகள் தடுத்தலாகாது என்னும் சட்டம் 2019 சூலை முதல் நாளன்று நடைமுறைக்கு வந்தது. வழக்கிற் றோற்றவர் வாழ்விற் வென்றனர்.

இரண்டாங் கதை நம்மவர் தலைமுறை தலைமுறையாய் வாழ்கின்ற சிங்கப்பூருடையது. அங்கு 1963-இலேயே தலைமையமைச்சர் இலீ குவான் யூ தம் கையால் மரம் நட்டு மரநடவு இயக்கத்தைத் தொடங்கினார். 1967-இல் ‘தோட்ட நகரம்’ என்னும் குறிக்கோள் அறிவிக்கப்பட்டது. இன்று அங்கு நடப்பிலுள்ள பூங்கா மரச்சட்டம் 2005-ஆம் ஆண்டினது. மரக்காப்புப் பகுதி என்று வரையறுக்கப்பட்ட இடத்திலோ, வெற்றுமனையிலோ நிற்கும் ஒரு மரத்தின் சுற்றளவு, தரையிலிருந்து அரை மீட்டர் உயரத்தில் ஒரு மீட்டருக்கு மேற்பட்டிருப்பின், அஃது உங்கள் சொந்த நிலத்தில் நின்றாலும் இசைவு பெறாமல் வெட்டலாகாது. வெட்டினால் 50,000 வெள்ளி வரை ஒறுப்புத்தொகை உண்டு.

இரண்டும் கட்டுப்பாடே. இரண்டும் மனையுரியவன் கையைப் பிடிப்பனவே. ஆயின் ஒன்று நமக்கு எரிச்சலூட்டுகின்றது. மற்றொன்றோ தலையசைக்க வைக்கின்றது. வேறுபாடு எங்குளது? முன்னது பிறர் கண்ணுக்காக இட்ட கட்டளை. பின்னது பிறர் உயிர்ப்புக்காக இட்ட கட்டளை. என் முன்றிலிற் கத்தரிச்செடி நிற்பதால் அண்டைவீட்டார்க்கு ஓர் இழப்பும் இல்லை. யான் பெருமரத்தை வீழ்த்தினாலோ, அவர்தம் நிழலும் குளிர்ச்சியும் என்னோடு சேர்ந்தே வீழும். என் செயல் என் மதிலைத் தாண்டி ஊரைத் தாக்குமாயின், ஊர் என்னைக் கேட்கலாம். தாக்காதாயின், கேட்டல் ஆகாது. இதுவே அளவுகோல்.

இவ்வளவுகோலை எடுத்துக்கொண்டு சென்னைக்கு வருவோம். இங்கே கட்டட நெறிகள், மனையின் முன்னும் பின்னும் பக்கங்களிலும் இடம் விடச் சொல்கின்றன. நாம் விடுகின்றோம், விட்ட இடத்தில் ஒரு விரல் மண்ணும் தெரியாதபடி கற்காரை பூசிவிடுகின்றோம். திறந்தவெளி என்பதற்குக் கூரையில்லாத இடம் என்று மட்டுமே பொருள் கொண்டோம். வானத்துக்குத் திறந்தோம், நிலத்துக்கு மூடினோம்.

இதன் இழப்பைக் கணக்கிட்டுப் பாருங்கள். சென்னை வழக்கில் ஒரு மனை என்பது 2,400 சதுர அடி; ஏறத்தாழ 223 சதுர மீட்டர். சென்னையில் ஆண்டுக்குச் சற்றொப்ப 1,400 மில்லிமீட்டர் மழை பெய்கின்றது. அவ்வாறாயின், ஒரு மனைமேல் ஓராண்டில் விழும் நீர் ஏறக்குறைய 3,12,000 இலிட்டர். நகர்ப்புறக் குடிநீர்த் திட்டங்களில் ஆளொன்றுக்கு நாளொன்றுக்கு 135 இலிட்டர் என்று கணக்கிடுவர். ஐவர் வாழும் குடும்பத்துக்கு அவ்வளவையின்படி ஆண்டுக்கு 2,46,000 இலிட்டர் போதும். வானம் தருவது நமக்கு வேண்டியதினும் மிகுதி! அதில் ஒரு பகுதி ஆவியாகும். ஒரு பகுதி வழிந்தோடும். அவை போக எஞ்சியதையேனும் மண் வாங்கிக்கொள்ள வாய் வேண்டாவா? அவ்வாயைத்தான் நாம் பூசி அடைத்தோம்.

2003-ஆம் ஆண்டு தமிழக அரசு எல்லாக் கட்டடங்களிலும் மழைநீர் சேமிப்பு அமைக்கப்படல் வேண்டும் என்று சட்டங் கொணர்ந்தது. நல்ல சட்டம். அதனை அடுத்த மழைக்காலங்களில் பல பகுதிகளிற் கிணற்று நீர்மட்டம் உயரவுஞ் செய்தது. ஆயின், நம்மிற் பலர் அக்குழியை நீருக்காகத் தோண்டவில்லை. பார்வையிட வரும் அலுவலருக்காகத் தோண்டினோம். அவர் சென்றதும் அதனை மறந்தோம். குப்பையும் சேறும் அதனை நிரப்பின.

பிறரைக் குறைகூற யான் இங்கு நிற்கவில்லை. அக்குற்றத்தை யானே செய்தவன். என் வீட்டு முன்றிலில் ஒரு முருங்கையும் ஒரு வாழைக்குலமும் நின்றன. மழைநாளில் சேறாகின்றது என்று வீட்டார் சொன்னார்கள். பூச்சி வருகின்றது என்று அண்டையார் சொன்னார்கள். 2009-இல் அனைத்தையும் அகற்றிவிட்டு வழவழப்பான தளக்கல் பதித்தேன். உறிஞ்சுகுழியின் மேலும் ஒரு கல்லைப் பதித்தேன். பார்ப்பதற்கு அழகாய்த்தான் இருந்தது. 2015 திசம்பர் வெள்ளத்தில் நீர் இறங்க வழியின்றி என் கூடத்தில் முழங்காலளவு நின்றது. 2019 கோடையில், பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய ஏரிகள் ஏறத்தாழ முற்றும் வறண்டபோது, என் ஆழ்துளைக் கிணறும் வறண்டது. தெருமுனையில் குடத்தோடு நின்ற என் எண்பது அகவைத் தாயார் என்னைப் பார்த்து ஒன்றே ஒன்று கேட்டார்: “வந்த தண்ணியை உள்ள விடாம வெரட்டிட்டு, இப்ப வரலையேன்னு நின்னா எப்படிப்பா?”

அவ்வாரமே தளக்கல்லைப் பெயர்த்தெறிந்தேன். குழியைத் தூர்வாரிக் கூழாங்கல்லும் செங்கல் உடைப்பும் மணலும் அடுக்கினேன். இன்று அங்கு முருங்கையும் கறிவேப்பிலையும் மீண்டும் நிற்கின்றன. அடுத்தடுத்த கோடைகளிற் கிணறு முற்றும் வற்றவில்லை. அன்னையார் அதனைக் கண்டு மகிழ்ந்த பின்னரே கண்மூடினார்.

தோழர்களே! செய்யவேண்டியவை அரியன அல்ல. மனையிற் காற்பங்கேனும் மண்ணாக விடுங்கள். மகிழுந்து நிற்கவேண்டுமாயின் இரு சக்கரத் தடங்களுக்கு மட்டும் கல் பதித்து, இடையே புல் விடுங்கள். கடலோர மணற்பாங்கு நிலத்தில் நீர் விரைந்திறங்கும். களிமண் நிலத்திற் குழி ஆழமாக இருத்தல் வேண்டும். ஆண்டுதோறும் ஐப்பசி மழைக்கு முன் குழியைத் தூர்வாருங்கள். வேம்பு, புங்கு, நொச்சி என இம்மண்ணுக்குரியவற்றையே நடுங்கள். மரத்தடியைக் கற்காரையால் நெரிக்காதீர்கள்.

ஊராட்சிக்கும் நகராட்சிக்கும் ஒரு சொல். எந்தச் செடி அழகு என்று எங்களுக்குக் கற்பிக்க வேண்டா. அவ்வேலை மயாமி சோர்சில் தோற்றது. நீரும் நிழலும் காக்கும் நெறிகளை மட்டும் இடுங்கள். இட்ட நெறியைக் கட்டட இசைவு நாளோடு மறவாமல் ஆண்டுதோறும் வந்து பாருங்கள். அந்நெறியைக் கொத்தனும் குடியிருப்போனும் படித்தறியும் எளிய தமிழில் எழுதிக் கொடுங்கள். விளங்காத நெறிக்கு மக்கள் அஞ்சுவார்களே ஒழிய, அதனைப் பேணமாட்டார்கள்.

குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்று நிலத்துக்கு நிலைத்திணையாற் பெயர் வைத்த இனம் நம்மினம். நிலத்தையும் அதில் முளைப்பதையும் வேறுவேறாய்ப் பார்க்க அறியாதவர் நம் முன்னோர். அவர்தம் வழிவந்த நாம் இன்றிரவு வீடு திரும்பியதும், வாயிலில் ஒரு நொடி நின்று, காலடியில் மண் தெரிகின்றதா என்று குனிந்து பார்ப்போமாக! தெரியவில்லையாயின், நாளைக் காலை ஒரு கல்லையேனும் பெயர்ப்போமாக!